சாலட் பிளேட்டர் ரெடி பண்றீங்களா? கலர் மட்டும் பார்த்தா போதாது, வேலை செய்யும் வரிசைதான் முக்கியம்!

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வீட்டுக்கு வர்றாங்க. பிரியாணி முடிவாகிடுச்சு. கூடவே கொஞ்சம் ஹெல்த்தியா ஏதாவது வைக்கலாம்னு யோசிக்கும்போது, ரீல்ஸில் பார்த்த அந்த வானவில் தட்டு ஞாபகத்துக்கு வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று வரிசையாக அடுக்கிய காய்கறி, பழத் துண்டுகள். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம், நறுக்கி அடுக்கினால் முடிந்தது என்றுதான் தோன்றும்.

ஆனால், தட்டை டேபிளில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆப்பிள் பழுப்பாகியிருக்கும். வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டிருக்கும். பீட்ரூட் சாயம் முள்ளங்கி வரைக்கும் பரவியிருக்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினைகள். கண்ணுக்குத் தெரியாத பிரச்சினை ஒன்றும் இருக்கிறது: கிருமிகள்.

சாம்பாருக்குப் போடும் கேரட்டைச் சரியாகக் கழுவவில்லை என்றாலும், கொதிக்கும்போது பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். பச்சையாகச் சாப்பிடும் தட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுப்பு செய்யும் வேலையை இங்கே உங்கள் கைதான் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முழுசாகக் கழுவணும், துடைக்கணும், அப்புறம் நறுக்கணும், குளிர வைக்கணும், கடைசியில்தான் உப்பு. இந்த வரிசை மாறினால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எதற்கு இத்தனை கலர்?

ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னாலும் ஒரு நிறமி இருக்கிறது. தக்காளி, தர்பூசணி, உள்ளே சிவந்த கொய்யா ஆகியவற்றில் இருப்பது லைகோபீன். கேரட், மாம்பழம், பப்பாளிக்கு ஆரஞ்சு நிறம் தருபவை பீட்டா கரோட்டின் போன்ற கரோட்டினாய்டுகள். பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். ஊதா முட்டைகோஸ், கருப்பு திராட்சை, நாவல் பழத்தில் இருப்பது ஆந்தோசயனின். பீட்ரூட்டின் சிவப்பு இவை எதிலும் சேராது, அது பீட்டாலைன் என்ற தனி வகை.

கலர் இல்லாதவற்றை ஒதுக்கவும் வேண்டாம். வெளிறிய உள் சதை கொண்ட கொய்யாவிலும் வைட்டமின் சி கொட்டிக் கிடக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். அதே அளவு ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம்தான். அதனால் கிவி, புளூபெர்ரி என்று காஸ்ட்லியாகத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், ஒருவர் ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கின்றன. மதியம் ரெண்டு கரண்டி பொரியலோடு காய்கறியை முடித்துக்கொள்பவர்களுக்கு இது பெரிய அளவு. தலைக்கு 200 கிராம் வருகிற மாதிரி ஒரு பிளேட்டர் வைத்தால், ஒரே வேளையில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்துவிடும்.

8 பேருக்கு என்ன வாங்கலாம்?

தலைக்கு 200 கிராம் என்றால், நறுக்கிய பிறகு ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தேவை. தோல், விதை, காம்பு போகும் என்பதால் இரண்டரை கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

காய்கறிகள்:
• வெள்ளரிக்காய் - 2
• கேரட் - 3
• மஞ்சள் குடைமிளகாய் - 1
• கெட்டியான தக்காளி - 3
• ஊதா முட்டைகோஸ் - கால் பகுதி
• சின்ன பீட்ரூட் - 1

பழங்கள்:
• தர்பூசணி - ஒரு பெரிய கீற்று
• பப்பாளி - பாதி
• கொய்யா - 2
• கருப்பு திராட்சை - 200 கிராம்
• மாதுளை - 1

இதில் எதையும் சீசனுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பப்பாளிக்குப் பதில் மாம்பழம். ஜூன், ஜூலையில் திராட்சைக்குப் பதில் நாவல் பழம். திராட்சை வாங்கினால், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நல்ல சாய்ஸ். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். அன்று பறித்தது கிடைக்கும்.

ரெண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒன்று, ஏற்கெனவே வெட்டி வைத்த தர்பூசணி, பப்பாளியை வாங்காதீர்கள். எந்தக் கத்தியால், எப்போது வெட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பாதிப் பழம்தான் வேண்டும் என்றாலும் முழுப் பழமாக வாங்கி, மீதியை வீட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு, அடிபட்டு நசுங்கிய பழங்கள் குழம்புக்கும் ஜாமுக்கும் ஓகே, பிளேட்டருக்கு வேண்டாம். தோல் கிழிந்த இடம் கிருமிகளுக்குத் திறந்த கதவு.

தோலை உரிக்கத்தானே போறோம், எதுக்குக் கழுவணும்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். தர்பூசணி, முலாம்பழம், பப்பாளியின் தோலை நாம் சாப்பிடுவதில்லை. ஆனால், கத்தி அந்தத் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் சதைக்குள் கொண்டுபோய் விடுவதே கத்திதான்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2011-ல் அமெரிக்காவில் ஒரே பண்ணையிலிருந்து போன முலாம்பழங்கள் வழியாக லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 28 மாநிலங்களில் பரவியது. 147 பேர் பாதிக்கப்பட்டார்கள், 33 பேர் இறந்தார்கள். லிஸ்டீரியாவிடம் ஒரு மோசமான குணம் உண்டு. ஃப்ரிட்ஜின் குளிரிலும் அது மெதுவாக வளரும்.

கழுவும் முறை இதுதான்:

முதலில் உங்கள் கைகளை சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள். பிறகு காய்கறி, பழங்களை முழுசாக, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கேரட், வெள்ளரி, முலாம்பழம் போன்றவற்றுக்கு இதற்கென்றே ஒரு சுத்தமான பிரஷ் வைத்துக்கொள்ளலாம். சோப்பு, டிடர்ஜென்ட் எதுவும் வேண்டாம். அவை தோல் வழியாக உள்ளே இறங்கக் கூடியவை.

புதினா, கொத்தமல்லி போன்றவற்றை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அலசுங்கள். பிறகு இலைகளைக் கையால் மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தை அப்படியே வடிகட்டியில் கவிழ்த்தால், அடியில் தங்கிய மண் மறுபடி இலை மேலேயே விழும். அடியில் மண் தெரியாத வரை ரெண்டு, மூணு தடவை இதைச் செய்யணும்.

உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம். இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் புழு, பூச்சி வெளியே வர அது உதவும். கிருமிகளை அது கொன்றுவிடும் என்று நம்பிவிட முடியாது.

பூச்சிக்கொல்லிக்கு என்ன செய்வது? இது பற்றி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஆப்பிள்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த இரண்டு மருந்துகளின் மேற்பரப்பு எச்சத்தைப் போக்குவதில், வெறும் தண்ணீரைவிட சமையல் சோடா கரைத்த தண்ணீர் நன்றாக வேலை செய்தது. அளவு எளிதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு டீஸ்பூன் சோடா, 12 முதல் 15 நிமிடம். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஆனால், தோலுக்குள் இறங்கிவிட்ட மருந்து இதனாலும் போகாது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கேன், ஆர்.ஓ. அல்லது கொதிக்கவைத்து ஆற வைத்த தண்ணீர், எதுவானாலும் சரி. அதன் பிறகு சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றித் துடையுங்கள். இந்த ஸ்டெப்பைத் தவிர்த்தால் தட்டில் தண்ணீர் தேங்கும். ஈரம் கிருமிகளுக்கும் சாதகம்.

முட்டைகோஸ் சாப்பிட்டா மூளையில் புழு வருமா?

வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் கேள்வி இது. முட்டைகோஸில் தானாக நாடாப்புழு உருவாவதில்லை. வயிற்றில் நாடாப்புழு உள்ள மனிதரின் மலம் வழியாக அதன் முட்டைகள் வெளியேறும். கழிவுநீர், மண், கழுவாத கை வழியாக அந்த முட்டைகள் எந்தப் பச்சைக் காய்கறி மீதும் ஒட்டலாம். அவை உடலுக்குள் போனால், சிலருக்கு அதன் இளம்புழு மூளையில் தங்கி வலிப்பை ஏற்படுத்தும். நோய் உண்மையானது, முட்டைகோஸ் மேல் போடும் பழிதான் தவறு.

அதனால் ஊதா முட்டைகோஸின் வெளி இலைகள் மூன்றையாவது எடுத்துவிடுங்கள். மீதி இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே மெல்லிசாக நறுக்குங்கள். கழுவிய தண்ணீரின் சுத்தத்தில் சந்தேகம் இருந்தால், அன்று அதைப் பொரியலுக்கு அனுப்பிவிடுங்கள்.

எதை முதலில் நறுக்கணும்?

அதே கிச்சனில் பிரியாணிக்குச் சிக்கனும் தயாராகிறது என்றால், சாலட் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பச்சை இறைச்சி பட்ட கத்தி, கட்டிங் போர்டு, துணி எதுவும் சாலட் பக்கம் வரக் கூடாது. முடிந்தால் ரெண்டுக்கும் தனித்தனி போர்டு வைத்துக்கொள்வது நல்லது.

கத்தி நல்ல கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி வெட்டுவதைவிட நசுக்குவதே அதிகம். நசுங்கிய துண்டு சீக்கிரம் பழுப்பாகும், சீக்கிரம் தண்ணீர் விடும்.

இரவு 8 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால், டைம் டேபிள் இப்படி இருக்கலாம்:

• மாலை 4 மணி: எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைப்பது.
• 5 மணி: கேரட், குடைமிளகாய், முட்டைகோஸ் நறுக்கி, மாதுளை உரித்து, மூடி போட்ட டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வைப்பது. பீட்ரூட் கடைசியாக போர்டுக்கு வரட்டும்.
• 7 மணி: தர்பூசணி, பப்பாளி, வெள்ளரி. மறுபடியும் ஃப்ரிட்ஜ்.
• 7.30 மணி: தக்காளி, கொய்யா, ஆப்பிள்.
• 7.45 மணி: அடுக்குவது.

கேரட் குச்சிகள் துவண்டுவிட்டால், ஐஸ் தண்ணீரில் 15 நிமிடம் போட்டு எடுங்கள். செல்களுக்குள் தண்ணீர் ஏறி, மறுபடி மொறுமொறுப்பு வந்துவிடும். மணிக்கணக்கில் ஊறவிட்டால் வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போகும்.

பழுப்பு, தண்ணி, சாயம்: மூணு பிரச்சினை, மூணு தீர்வு

பழுப்பு: ஆப்பிளை வெட்டியதும், அதிலுள்ள ஒரு என்சைம் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேலையை ஆரம்பிக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு அந்த என்சைமின் வேகத்தைக் குறைக்கும். ஒரு கப் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, துண்டுகளை ரெண்டு நிமிடம் போட்டு எடுத்து ஈரம் ஒற்றினால் போதும். வாழைப்பழம் இதற்கெல்லாம் அவ்வளவாக அடங்காது, பிளேட்டருக்கே வேண்டாம்.

தண்ணி: வெள்ளரியில் 95 சதவீதமும் தர்பூசணியில் 92 சதவீதமும் தண்ணீர்தான். மேலே உப்பு தூவியதும் சவ்வூடு பரவல் மூலம் அந்தத் தண்ணீர் வெளியே வந்துவிடும். தீர்வு ரொம்ப சிம்பிள்: தட்டில் உப்பே தூவாதீர்கள். உப்பு, மிளகுத்தூள், சாட் மசாலாவைச் சின்னக் கிண்ணங்களில் தனியாக வையுங்கள். ராம நவமிக்குக் கோசுமல்லி செய்யும்போது, பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் உப்பு போடச் சொல்வார்கள். காரணம் இதேதான்.

சாயம்: பீட்டாலைன் தண்ணீரில் கரையும். நறுக்கிய பீட்ரூட்டைக் குடிதண்ணீரில் ரெண்டு முறை அலசி, துடைத்து, சில சொட்டு எண்ணெய் தடவினால் சாயம் பரவுவது குறையும். அதைவிடப் பாதுகாப்பு, பீட்ரூட்டைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது. பீட்ரூட் சாப்பிட்ட அடுத்த நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். சிலருக்கு அந்த நிறமி அப்படியே வெளியேறும், ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

ஊதா முட்டைகோஸில் ஒரு குட்டி மேஜிக்கும் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்டால் அது பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். குழந்தைகள் முன்னால் பிழிந்து காட்டினால், தட்டில் முதலில் காலியாவது அதுவாகத்தான் இருக்கும்.

அடுக்குவது எப்படி?

பெரிய தாம்பாளம் ஒன்று போதும். அடியில் கழுவித் துடைத்த வாழையிலையை விரித்தால், அந்தப் பச்சை மேல் எல்லா நிறமும் எடுப்பாகத் தெரியும். முதலில் டிப் கிண்ணங்களை வைத்து இடம் பிடித்துவிடுங்கள். அடுத்து கேரட், வெள்ளரி போன்ற நீளத் துண்டுகள். பிறகு பழத் துண்டுகள். இடைவெளிகளை திராட்சை, மாதுளை முத்துகளால் நிரப்புங்கள்.

ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளிக்குப் பக்கத்தில் தர்பூசணி வைத்தால் ரெண்டுமே எடுபடாது. வெங்காயம், முள்ளங்கி சேர்ப்பதாக இருந்தால் பழங்களிலிருந்து தூரமாக வையுங்கள். பப்பாளியில் முள்ளங்கி வாசனை வந்தால் யாரும் ரெண்டாவது துண்டு எடுக்க மாட்டார்கள். தண்ணீர் விடும் தர்பூசணியைக் கிண்ணத்தில் வைப்பது நல்லது.

டிப் வெறும் டேஸ்ட்டுக்கா?

இல்லை. கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்குடன் சாலட் சாப்பிட்டவர்களின் உடலில் கரோட்டினாய்டுகள் மிக மிகக் குறைவாகவே சேர்ந்தன. கொழுப்புள்ள டிரெஸ்ஸிங்குடன் சாப்பிட்டபோது அளவு கூடியது. டயட் என்று சொல்லி எண்ணெயை முழுசாகத் தவிர்த்தால், கேரட் சாப்பிட்டதன் பலன் குறைந்துவிடும்.

அதற்காக மயோனைஸ் டப்பாவைத் திறக்க வேண்டியதில்லை. தயிரைத் துணியில் கட்டி ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் தொங்கவிட்டு, புதினா, கொத்தமல்லி, பச்சைமிளகாய் அரைத்துக் கலந்தால் ஒரு டிப் ரெடி. வேகவைத்த கொண்டைக்கடலையை எள், பூண்டு, எலுமிச்சையுடன் அரைத்தால் இன்னொன்று. வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலையும் அருமையாகப் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை: பச்சை அன்னாசி, பப்பாளியைத் தயிரில் கலந்து வைக்காதீர்கள். அவற்றில் உள்ள என்சைம்கள் பாலின் புரதத்தை உடைப்பதால், கொஞ்ச நேரத்தில் கசப்பு தட்டும். சாப்பிடும்போது தொட்டுக்கொள்வதில் பிரச்சினை இல்லை.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் உள்ள வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நறுக்கிய பழங்கள் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் மொட்டை மாடியில் பார்ட்டி என்றால், ஒரு மணி நேரக் கணக்குதான் செல்லும்.

எளிய வழி: மொத்தத்தையும் ஒரே தட்டில் அடுக்காமல் ரெண்டு தட்டாகப் பிரியுங்கள். ஒன்று டேபிளில், இன்னொன்று ஃப்ரிட்ஜில். முதல் தட்டு காலியான பிறகு ரெண்டாவதை எடுத்தால் போதும்.

யாருக்கு எது வேண்டாம்?

பிளேட்டர் என்றால் எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுப்பார்கள். அதனால் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

• சிறுநீரக நோய் உள்ளவர்கள்: நட்சத்திர வடிவில் அழகாக இருக்கிறதே என்று ஸ்டார் ஃப்ரூட்டை அலங்காரத்துக்கு வைப்பார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது விஷம். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, சில நேரம் மரணம் வரை கொண்டுபோகும். அப்படி ஒருவர் வருகிறார் என்றால் அந்தப் பழமே தட்டில் வேண்டாம். மற்ற பழங்களிலும் பொட்டாசியம் இருப்பதால், அவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.
• கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள்: முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தர வேண்டாம். முளைக்கத் தேவையான அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளையும் வளர்க்கும். நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம்.
• 5 வயதுக்கு உட்பட்டவர்கள்: முழு திராட்சை தொண்டையை அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக வெட்டித் தாருங்கள். பச்சைக் கேரட்டைக் குச்சியாகத் தராமல் துருவிக் கொடுங்கள். முழு வேர்க்கடலையும் வேண்டாம்.
• சர்க்கரை நோய் உள்ளவர்கள்: பழத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. ஜூஸாக இல்லாமல் துண்டாக, அளவோடு, காய்கறி, கடலையோடு சேர்த்துச் சாப்பிடலாம்.

மிஞ்சினால்?

டேபிளில் நேரம் கடந்துவிட்ட தட்டைத் தூக்கிப் போடுவதுதான் பாதுகாப்பு. மனசு கேட்காதுதான், ஆனால் மறுபடி ஃப்ரிட்ஜில் வைப்பதால் அது பழையபடி ஆகிவிடாது. ஃப்ரிட்ஜிலேயே இருந்த ரெண்டாவது தட்டு மிஞ்சினால் கவலையில்லை. பழங்களை மூடி வைத்து மறுநாள் காலையில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கேரட், முட்டைகோஸ், குடைமிளகாய், பீட்ரூட் எல்லாம் திங்கட்கிழமை டிபன் பாக்ஸுக்குப் பொரியலாகவோ ஃபிரைட் ரைஸாகவோ மாறிவிடும்.